பெரிய எழுத்துப் பிரசங்கம்

சபையின் மூப்பருக்கு விதவைகள் என்றால் அப்படி ஓர் இரக்கம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விதவைகளுக்கென்று சபையில் ஒதுக்கி வைத்ததே அவர்தான். அன்றைக்கு எல்லா விதவைகளையும் முன்பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சோப்பும் ஒரு துண்டும் கொடுத்து, முக்கால் மணி நேரம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். சோப்பாவது இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். பிரசங்கம் கரையாது, அடுத்த வருஷமும் அதேதான் வரும்.

அந்த வரிசையின் கடைசியில் சோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவருடைய சொந்த மருமகள். முப்பத்து நாலு வயது. மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் குடித்தனம் செய்தாள். அவன் காய்ச்சலில் போய் எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அவன் போன வருஷமே அவளுடைய அண்ணன் வந்து, "தங்கச்சிய நாங்க கூட்டிட்டுப் போறோம், வேற இடம் பாக்கறோம்" என்றான். மூப்பர் அவன் தோளில் கைபோட்டு, "தம்பி, அவ எனக்கு மக மாதிரி. சின்னவன் கல்யாணம் முடியட்டும், நானே நல்ல இடமாப் பாத்து, நானே முன்ன நின்னு செஞ்சு வைக்கிறேன்" என்றார். சொன்ன தோரணையில் அண்ணன் உருகிப்போனான். சரியான ஏமாளி, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

சின்னவன் கல்யாணம் முடிந்தது. சின்னவனுக்குக் குழந்தை பிறக்கட்டும் என்றார். பிறந்தது. அதற்குள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சின்னவனும் அவன் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குக் கம்பி நீட்டிவிட்டார்கள். "அத்தை எந்திரிச்சு உக்காரட்டும்மா" என்றார் மூப்பர். அதிலிருந்து நாலு வருஷம். காலையில் அத்தையைத் திருப்பி, துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, சபை அலுவலகத்தில் அரை நாள் வேலைக்கு ஓடி, மத்தியானம் வந்து மறுபடி திருப்பி, துடைத்து, மாற்றி, ஊட்டி. இதற்கு ஓர் ஆள் வைக்க மூப்பருக்கு வசதி இல்லாமல் இல்லை. பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த வீடு, பென்ஷன் எல்லாம் உண்டு. மருமகள் இருக்கும்போது ஆள் எதற்கு என்ற எண்ணம்தான்.

அவர் மட்டும் அந்த அறைக்குள் போக மாட்டார். காலையிலும் மாலையிலும் வாசற்படியில் நின்று, கண்ணை மூடி, கட்டில் பக்கமாகக் கையை உயர்த்தி ஜெபம் பண்ணுவார். மூக்கு மட்டும் சுருங்கியிருக்கும். ஆமென் சொன்னதும் திரும்பி நடந்துவிடுவார்.

இதற்கு நடுவில்தான் கண்ணாடிக்காரர் வந்தார். சபையின் ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி போட வந்தவர், மனைவியை இழந்தவர், நாற்பது வயது. ஒரு ஜன்னலுக்கு அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். அலுவலகத்துக்கு வந்து, "தப்பு என்னுதுங்க, நாளைக்கு வேற கொண்டாந்து போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அன்றைக்கெல்லாம் அந்த மனிதரின் ஞாபகமாகவே இருந்தது. அந்த வீட்டில் எந்த ஆண் வாயிலிருந்தும் அப்படியொரு வார்த்தை வந்து அவள் கேட்டதேயில்லை.

இரண்டு வருஷம் பழகிப் பார்த்து, இருவரும் முடிவு செய்து, சபைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் முட்டுக்கட்டை. ஒரு விதவை மறுபடி கல்யாணம் செய்ய வேண்டுமானால், செத்துப்போன புருஷனின் வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தச் சபையில் ஒரு விதி. கையெழுத்து இருந்தால்தான் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பார்கள், அதற்குப் பிறகுதான் கல்யாணம். அந்த விதியை எழுதிய மகான் யார் என்று கேட்க வேண்டுமா என்ன? சோப்பு கொடுக்கிற அதே கைதான்.

கடிதம் எட்டு மாதமாகப் போதகரின் மேசையில், ஒரு கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடக்கிறது. தினமும் காலையில் அந்த மேசையைத் துடைப்பவள் அவள்தான். குண்டைத் தூக்கி, தன் கடிதத்தைத் தூக்கி, தூசி தட்டி, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். போதகர் இளைஞர். வேதக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். மூப்பர் "என்ன ஐயா?" என்றால் "ஆமாங்க" என்பார், "அப்படியா ஐயா?" என்றால் "இல்லைங்க" என்பார். முதுகெலும்புக்கும் அவருக்கும் அறிமுகமே கிடையாது. ஒருநாள் அவள் கேட்டபோது, "ஜெபிப்போம்மா" என்றார். கையெழுத்துக்கு ஜெபம் எதற்கு, பேனா போதாதா என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

சர்க்கார் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம்தான். கண்ணாடிக்காரரே சொன்னார். ஆனால் அவளுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அவள் விசுவாசி. திருட்டுத்தனமாகப் போனதாகப் பேச்சு வரும், அந்தப் பேச்சு படுக்கையில் கிடக்கிற அத்தையின் காதுக்குத்தான் முதலில் போகும். தவிர, தப்பு எதுவும் செய்யாத நான் எதற்கு ஒளிந்து ஓட வேண்டும் என்கிற வீம்பும் கொஞ்சம் இருந்தது.

இப்போது நாள் நெருங்கிவிட்டது. கண்ணாடிக்காரரின் கம்பெனி அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. மாதக் கடைசியில் அவர் கிளம்ப வேண்டும். இந்த ஞாயிறு முதல் அறிவிப்பை வாசித்தால்தான் மூன்று ஞாயிறு முடிந்து, கிளம்புவதற்குள் கல்யாணம் நடக்கும். இந்த ஞாயிறுதான் விதவைகள் ஞாயிறும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூப்பர் பிரசங்கம் சொல்ல, அவள் எழுத உட்கார்ந்தாள். இது ஆறு மாதமாக நடக்கிற ரகசியம். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகு சிறிய எழுத்து தெரிவதில்லை. அதை வெளியில் சொன்னால் கௌரவக் குறைச்சலாம். அதனால் அவள் தடித்த பேனாவால், ஒரு தாளுக்கு ஆறே வரியாக, கட்டைவிரல் உயர எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். அதைப் பிரசங்க மேடையில் வேதப் புத்தகத்துக்கு உள்ளே மறைத்து வைத்து, தாள் தாளாகத் தள்ளி வாசிப்பார். சனங்கள் மூப்பர் குறிப்பே இல்லாமல் பொழிகிறார் என்று நினைத்து வாய் பிளந்திருக்கும். எழுதியதை ஒருதடவை வாசித்துப் பார்க்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. தான் சொன்னதைத் தானே சரிபார்ப்பதா, அந்தக் கேவலம் வேறா?

"மாமா, அந்தக் கடிதம்..."

"எந்தக் கடிதம்?"

"பாஸ்டர் மேசையில எட்டு மாசமா இருக்கே, அது. இந்த ஞாயித்துக்கிழமை மொத அறிவிப்பு வாசிச்சாத்தான் உண்டு. அவரு மாசக் கடைசியில கிளம்பறாரு."

"நான் மாட்டேன்னா சொன்னேன்? அத்தை எந்திரிச்சு உக்காரட்டும்."

"இனிமே எந்திரிக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரே மாமா."

"டாக்டர் பெருசா, கர்த்தர் பெருசா? விசுவாசம் வேணும்மா." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எழுதிக்கோ. பூர்வ காலத்தில் ஒரு விதவை இருந்தாள்."

வருஷா வருஷம் வருகிற அதே விதவைதான். வேதத்தின் தொடக்கத்திலேயே வருகிறவள். புருஷன் செத்துப்போகிறான். மாமனார், 'உன் அப்பன் வீட்டுக்குப் போய் விதவையாகவே இரு, என் கடைசி மகன் வளரட்டும், உன்னை அவனுக்குக் கட்டி வைக்கிறேன்' என்று வாக்குக் கொடுக்கிறார். அவள் போகிறாள்.

"அவள் காத்திருந்தாள். ரெண்டு தடவை போடு. அவள் காத்திருந்தாள். அழுத்தமா வரணும். கர்த்தர் அவளுடைய பொறுமையைக் கண்டார். இரட்டைக் குழந்தைகளைக் கொடுத்து ஆசீர்வதித்தார்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "நடுவுல கொஞ்சம் விட்டுப்போச்சே மாமா."

"அதெல்லாம் வேண்டாம். சின்னப் புள்ளைங்க இருக்கிற எடம்."

மறுநாள் அலுவலகத்தில் தன் கடிதத்தின் மேல் தூசி தட்டிவிட்டு, போதகரின் வேதப் புத்தகத்தை எடுத்து அந்த அதிகாரத்தைப் படித்தாள். அவளுக்குத் தெரியாத கதையில்லை. சிறுவயதிலிருந்து பத்துத் தடவையாவது படித்திருப்பாள். ஆனால் கோபத்தோடு படித்ததில்லை. படிக்கப் படிக்க உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிழவன்மேல் வந்த கோபம் பாதிதான், மீதி தன்மேலேயே வந்தது. எட்டு வருஷம்! சோப்பு வாங்கி வாங்கி எட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேனே, நான் என்ன மனுஷியா மரக்கட்டையா என்று தன்னையே வைதுகொண்டாள். பிறகு மேசை இழுப்பிலிருந்து தடித்த பேனாவை எடுத்தாள்.

புதிதாகப் பன்னிரண்டு தாள் எழுதினாள். சொந்தச் சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. வேதத்தில் நடந்தது என்னவோ அதை எளிய பேச்சில், ஆறு ஆறு வரியாக. மேடையில் வைக்கக் கொண்டுவந்திருந்த பிரசங்கத் தாள்களில், 'அவள் காத்திருந்தாள்' என்பதற்கு அப்புறம் அவற்றை வைத்தாள். இரட்டைக் குழந்தையும் ஆசீர்வாதமும் இருந்த தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டாள். அந்த இடத்தில் வெறும் தாள் ஒன்றைச் செருகினாள். விஷயம் தெரிந்தால் வீட்டை விட்டே துரத்திவிடுவாரே என்று ஒரு நிமிஷம் பயந்தாள். துரத்தட்டுமே, அதைத்தானே எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் மூப்பர். பக்கத்துத் தெருவில் கட்டிலில் கிடக்கிற தன் மனைவிக்கும் கேட்க வேண்டுமாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நல்ல புருஷன். சோப்பும் துண்டும் கொடுத்து முடிந்தது. மேடை ஏறி, புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமினார்.

முதல் பத்து நிமிஷம் ஒரு குறையும் இல்லை. "அவள் காத்திருந்தாள்," என்று கர்ஜித்தார். "அவள் காத்திருந்தாள்!" முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். தாளைத் தள்ளினார்.

"கடைசி மகன் வளர்ந்து பெரியவனானான். மாமனார் தன் வாக்கை மறந்தார். மறந்தார் என்பதைவிட, அவருக்கு அதைச் செய்ய மனமில்லை. அவள் வாழ்ந்தால் என்ன, வாடினால் என்ன என்று இருந்துவிட்டார்."

அதே கம்பீரக் குரலில்தான் வாசித்தார். வாய் முன்னால் போய்விட்டது, மூளை பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. ஆறு வரிக்கு மேல் முன்னால் பார்க்க அவருக்கு வழியில்லை. அடுத்த தாளைத் தள்ளினார்.

"அவள் தன் விதவைத் துணியைக் களைந்தாள். முக்காடிட்டு, அவர் வருகிற வழியில் உட்கார்ந்தாள். மாமனார் அவளை விலைமாது என்று நினைத்து..."

மூப்பரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார், எல்லா முகமும் மங்கலாகத் தெரிந்திருக்கும். நிறுத்தலாம் என்றால் எதைச் சொல்லி நிறுத்துவது? குறிப்பில்லாமல் பேசுகிற மனிதர் ஆயிற்றே! தாளில் எழுதியிருப்பது சரியில்லை என்று சொல்ல வேண்டுமானால், தாள் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். வாசிப்பு தடுமாறிய அந்த நொடியில் முன்பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற நர்சம்மா, காது மந்தம் என்பதால் எப்போதும் கத்தியே பேசுகிறவர், "ம், அப்புறம்?" என்றார்.

வேறு வழி இல்லை. வாசித்தார். அந்த மாமனார் அவளிடம், தர வேண்டிய கூலிக்கு, தன் முத்திரை மோதிரத்தையும் கைத்தடியையும் அடமானமாகக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து அவள் கர்ப்பம் என்று சேதி வந்தது. இழுத்து வந்து எரியுங்கள் என்று அவர், வேறு யாருமில்லை அவரே, தீர்ப்புச் சொன்னது. எரிக்க இழுத்துப் போகிறபோது, இந்த மோதிரமும் தடியும் யாருடையவை என்று பாருங்கள் என அவள் சொல்லி அனுப்பியது. ஒவ்வொரு தாளுக்கும் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசித் தாளில் ஒலிபெருக்கி இருந்தும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவர் அவற்றைப் பார்த்தார். தன்னுடையவை என்று தெரிந்துகொண்டார். நியாயம் அவள் பக்கம்தான், என் பக்கம் இல்லை. சொன்ன வாக்கை நான் அவளுக்குச் செய்யவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்."

தாளைத் தள்ளினார். வெறும் தாள். இன்னொருதரம் தள்ளினார், வேதப் புத்தகத்தின் பொடி எழுத்துதான் வந்தது. மருமகள் கடைசி இடத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசு கிழவா, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வார்த்தை பேசு என்று மனசுக்குள் பல்லைக் கடித்தாள்.

நர்சம்மா பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும். "ஏன்டி, இது நம்ம மூப்பர் வீட்டுக் கதை மாதிரியே இல்ல?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு பிரசங்கக் குரல் இல்லாத ஒரு குரலில், "ஆமாங்க" என்றார். "எங்க வீட்டுக் கதைதான். தப்பு என்மேல. எட்டு வருஷமா வாக்குச் சொல்லிச் சொல்லியே அந்தப் புள்ளைய உக்கார வச்சுட்டேன். ஐயா, அந்தக் காயிதத்தக் கொண்டாங்க."

போதகர் ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மூப்பர் குத்துமதிப்பாகக் கையெழுத்துப் போட்டார். அது பெயரின் மேலேயே விழுந்தது. முதல் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. ஆட்சேபணை உண்டா என்று கேட்டதற்கு ஒரு சத்தமும் இல்லை.

ஆராதனை முடிந்ததும் சனங்கள் முண்டியடித்துக்கொண்டு போய்ச் சூழ்ந்தார்கள். யாரை? மூப்பரை! "என்ன மனசுங்க உங்களுக்கு!" "இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்தத் தாழ்மை?" ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போதகர் கண் கலங்கி, இது சபை புது உயிர் பெறுகிற எழுப்புதலின் அடையாளம் என்றார். எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவளின் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் வாசலில் நின்று, "நிஜமாவே வாசிச்சுட்டாங்க இல்ல?" என்று நம்ப முடியாமல் கேட்டார். வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. தப்பு செய்தவனுக்கு மாலை, தாங்கினவளுக்குச் சோப்பு. தூ!

மூப்பர் வீட்டுக்கு வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. குலுக்கல்களும் பாராட்டும் நன்றாக வேலை செய்திருந்தன. மேடையில் நடுங்கியவரைக் காணோம், பழைய ஆள் திரும்பிவிட்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்து, "பசிக்குது. சாப்பாடு எடுத்து வைம்மா" என்றார்.

"அத்தையைத் திருப்பித் துணி மாத்தணும். வாங்க."

"எங்க?"

"உள்ள."

"நானா? ஆம்பளைம்மா நான். எனக்கு அதெல்லாம்..."

"அவங்க உங்க பொண்டாட்டி மாமா. என் பொண்டாட்டி இல்ல." இவ்வளவு வருஷம் விழுங்கியதெல்லாம் திரண்டு வந்துவிட்டது. "சபையில தப்பு என்மேலன்னு சொன்னீங்களே, அது நாக்கோட சரியா? மூணு வாரத்துல நான் போயிடுவேன். ஆள் வைங்க, சின்னவர வரச்சொல்லுங்க, என்னவோ பண்ணுங்க. ஆனா இன்னைக்கு நீங்க வரணும்."

அவர் எழுந்தார். பிரம்படிக்குப் பயந்த பள்ளிக்கூடப் பையனைப்போல, காலத்துக்கும் மற்றவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றிய அந்த ஆய்வாளர், வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அத்தையின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னல் திறந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"தோளுக்கு அடியில ஒரு கை, இடுப்புக்கு அடியில ஒரு கை. மெதுவா."

அவர் பிடித்தார். பயந்து பயந்து பிடித்ததில் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திருப்பினார். அத்தையின் முதுகு தெரிந்தது. நாலு வருஷப் படுக்கை அதில் என்னென்ன செய்திருந்தது என்று கண் மங்கிய மனிதருக்கும் தெரிந்துவிட்டது. ஆறிய புண்களின் கறுத்த வடுக்கள், ஆறாத ஒன்றின்மேல் காலையில் மருமகள் வைத்த மருந்துத் துணி.

"இது... எப்பருந்து?"

"ரெண்டு வருஷம்."

மூப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரி விம்மினார். கைகொட்ட ஆளில்லாத அழுகை. மருமகளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எட்டு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த வெறுப்பு, இந்த நேரம் பார்த்துக் கால் தடுமாறுகிறதே என்று. பாவமாக இருந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. குனிந்து, அழுக்குத் துணியைத் தானே உருவக் கையை நீட்டினாள்.

அத்தையின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும்.

"நீ... விடு. போ. பெட்டி... எடுத்து வை."

பிறகு தரையில் இருந்தவரைப் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரை ஒரு வேலை ஏவியது அதுதான் முதல் தடவை.

"எந்திரி. துணிய மாத்து."

மருமகள் வெளியே வந்தாள். தன் அறைக்குப் போய், பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். உள்ளேயிருந்து முக்கலும் முனகலும், ஏதோ உருண்டு விழுகிற சத்தமும் வந்தன.

"ஏம்மா," என்று கெஞ்சினார் மூப்பர். "எந்தப் பக்கம் மொதல்ல?"

அவள் எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அத்தையக் கேளுங்க மாமா. அவங்களுக்குத் தெரியும்."